ஜூன் 5 கழிந்த மறுநாள்: மட்டக்களப்பு மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாநகர சபையின் கௌரவ முதல்வர், பிரதி முதல்வர், உறுப்பினர்கள் மற்றும் ஆணையாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நமது நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் சுற்றாடல் நிகழ்வுகளைப் பற்றி, அவற்றில் பங்குகொள்ளும் பொதுமக்களுள் ஒருவர் என்ற நிலையில் இம்மடலை எழுதுகிறேன். பெப்ரவரி 2 இல் ஈரநில தினம், ஜூன் 5 இல் உலகச் சுற்றாடல் தினம், ஜூலை 26 இல் கண்டல் தினம், செப்டெம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையில் கரையோரத் தூய்மையாக்கல் என்று நாட்காட்டி ஏற்கனவே நிறைந்திருக்கிறது. 2025 ஜனவரி முதலாம் திகதி ஆரம்பிக்கப்பட்ட 'கிளீன் ஸ்ரீ லங்கா' தேசிய வேலைத்திட்டமும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. பாடசாலைகளின் சுற்றாடல் முன்னோடி அணிகளும், விளையாட்டுக் கழகங்களும், மாதர் சங்கங்களும், மதத் தலங்களின் நிருவாக சபைகளும் அழைத்தவுடன் வருகின்றன. விடுமுறை நாளிலும் வருகின்றன. மக்களின் மனத்தில் குறையில்லை. நிகழ்வு முடிந்த மறுநாள் முதல் அந்த வேலையைத் தொடர்ந்து கொண்டுசெல்லும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படாமல் போவதே குறை. எந்த அமைப்பு முன்னின்று நடத்தினாலும் அத்தொடர்ச்சியைத் தாங்கக்கூடிய நிலையான நிறுவனம் இந்நகரில் மாநகர சபை ஒன்றுதான். ஆகையால் அப்பொறுப்பைச் சபை முறைப்படி ஏற்க வேண்டும் என்றும், அதற்கு இசைவாக நிகழ்வுகளின் காலத்தையும் முறையையும் மாற்றியமைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

மரநடுகையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஜூன் 5 ஆம் திகதி, 1972 இல் ஸ்டொக்ஹோம் நகரில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மாநாட்டின் நினைவாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. அந்தத் திகதிக்கும் மட்டக்களப்பின் மழைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நமக்கான மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில் வந்து தை வரையில் நிற்கிறது. ஜூன் மாதமோ, தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் இறக்கிவிட்டு, வறண்ட கச்சானாக நம் பக்கம் வீசுகின்ற காலம். கிணறுகளின் நீர்மட்டம் இறங்கி, வளவுகளில் நிற்கும் வளர்ந்த மரங்களே இலை சுருண்டு நிற்கும் அந்த நாட்களில், கல்லடியிலும் நாவற்குடாவிலும் பாலமீன்மடுவிலும் உள்ள மணல் நிலத்தில் ஒரு முழ உயரக் கன்றை நட்டு, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கலைந்து செல்கிறோம். ஊற்றிய தண்ணீர் மணலில் வேரடியில் தங்குவதில்லை. நாள்தோறும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்தில் அக்கன்று பிழைப்பது அரிது. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி இம்மாவட்டத்தின் தென்னைகளைச் சாய்த்த பின்னர் தோட்டங்களை மறுபடியும் எழுப்பிய தலைமுறைக்கு, மாரியோடுதான் தென்னம்பிள்ளை வைக்க வேண்டும் என்பது எவரும் சொல்லித்தரத் தேவையில்லாத அறிவாக இருந்தது. வளவுக்குள் இன்றும் நாம் கைவிடாத அந்த அறிவை, பொது நிகழ்வு என்று வந்தவுடன் ஏன் வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம் என்று சபை தயவுசெய்து ஆராய வேண்டும்.

ஜூன் 5 ஐக் கைவிடும்படி நான் கேட்கவில்லை. அந்நாளில் செய்வதற்குத் தகுந்த வேலைகள் வேறு உள்ளன. கச்சான் காலத்தை அண்டியே வேம்பு பழுக்கிறது. அதன் கொட்டை முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடுவதால், பொறுக்கிய சூட்டிலேயே நாற்றிட வேண்டும். மாணவர்களை அன்றைய தினம் விதை சேகரிப்பதிலும் நாற்றுமேடை அமைப்பதிலும் ஈடுபடுத்தினால், அவர்கள் கையால் முளைத்த கன்றுகளையே மாரி மழையின்போது அவர்கள் கையால் நடச் செய்யலாம். அதைவிட முக்கியமாக, கடந்த மாரியில் நட்டவற்றுள் எவை உயிரோடு நிற்கின்றன என்பதை வட்டாரம் வட்டாரமாகப் பார்த்துக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கைச் சபையின் அறிவித்தற் பலகையில் வெளியிடும் நாளாக ஜூன் 5 அமைய வேண்டும். கன்று பிழைத்திருப்பதை உறுதிசெய்ய அதன் முதற் கோடையே சரியான சோதனைக் காலமாகும். நடப்பட்ட கன்றுகளின் தொகையை அறிவிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிழைத்த கன்றுகளின் தொகையை அறிவிக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

எந்த மரம் என்பதும் சிந்திக்க வேண்டிய விடயமே. சுனாமிக்குப் பின்னர் கரையோரங்களில் சவுக்கு பரவலாக நடப்பட்டது. அது விரைவாக எழுந்து காற்றைத் தடுக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அதன் சருகு தடித்துப் படிந்த நிலத்தில் வேறு செடி எழுவது கடினம். புன்னையும் பூவரசும் தாழையும் நம் கரைக்கு உரியவை. மணலை இறுகப் பிடித்து வைத்திருக்கும் அடம்பன் கொடியை நடக்கூடத் தேவையில்லை, பிடுங்காமல் விட்டாற் போதும். வீதியோரங்களுக்கு மரம் தெரிவுசெய்யும்போது மின்கம்பிகளின் உயரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டால், நிழல் தரும் பருவத்தில் தலை வெட்டப்பட வேண்டிய நிலை ஏற்படாது.

வாவிக்கரைக் கண்டல் நடுகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பின்னர் இலங்கையில் கண்டல் மீள்நடுகை செய்யப்பட்ட 23 இடங்களை நேரிற் சென்று ஆராய்ந்து 2017 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்றும், ஐம்பது வீதத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் பிழைத்திருந்தவை வெறும் 3 இடங்களே என்றும் கண்டறிந்தது. ஆயிரம் ஹெக்டயருக்கும் மேற்பட்ட நடுகை முயற்சியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நிலைத்தது. பொருத்தமற்ற இடத்தைத் தெரிந்தமை, தண்ணீரில் மூழ்கும் மட்டத்தில் நட்டமை, மாடுகள் மேய்ந்தமை, நட்டபின் எவரும் திரும்பிப் பாராமை ஆகியன அதன் காரணங்களாகக் காட்டப்பட்டுள்ளன. இவை ஒவ்வொன்றும் மட்டக்களப்பு வாவிக்குப் பொருந்தும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் நிற்பதில்லை. கோடையில் வற்றிக் கரை விரிகிறது. மாரியில் குளங்களினதும் ஆறுகளினதும் வெள்ளம் வந்து சேர்ந்து, முகத்துவாரம் வெட்டிவிடப்படும் வரையில் நீர் ஏறிக்கொண்டே போகிறது. வற்றிய கரையைப் பார்த்து ஜூலை மாதத்தில் நடப்படும் கண்டற் கன்று, கார்த்திகையில் நாட்கணக்கில் தலைக்கு மேல் தண்ணீரில் கிடக்க நேரிடுகிறது.

எந்தக் கரையில் எந்த மட்டம் வரை வெள்ளம் எத்தனை நாள் நிற்கும் என்பதை வாவியில் தோணி தள்ளி வலை வீசுகின்ற மீனவர்கள் அறிவார்கள். இறாலும் நண்டும் கொடுவாவும் குஞ்சாக வளர்வது கண்டல் வேர்களுக்கு இடையில்தான் என்பதால், கண்டல் பிழைப்பதில் அவர்களுக்கு உள்ள அக்கறை எவருடைய அக்கறைக்கும் குறைந்ததல்ல. கண்டல் நடுகைக்கு இடம் தெரிவுசெய்யும் கூட்டத்தில் வன பாதுகாப்புத் திணைக்களத்தினரும் கரையோரம் பேணல் திணைக்களத்தினரும் அமரும் மேசையில், மீனவர் சங்கங்களின் பிரதிநிதிகளுக்கும் கதிரை இருக்க வேண்டும். இன்னொன்றையும் இங்கே குறிப்பிடுகிறேன்: கண்ணா, தில்லை ஆகிய கண்டல் மரங்கள் தாமாகவே முளைத்து எழுகின்ற கரைகளில் நடுகை வேண்டியதில்லை. அங்கே மண் நிரப்பாமலும் குப்பை கொட்டாமலும் மாடு புகாமலும் மூன்று நான்கு ஆண்டுகள் காவல் செய்வது, விழா எடுத்து நடுவதைக் காட்டிலும் செலவு குறைந்ததும் பயன் கூடியதுமான பணி. அதற்குப் படம் எடுக்க ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனாலும் அதைச் சபை செய்ய வேண்டும்.

அடுத்தது சிரமதானம். வாவிக்கரையிலும் கடற்கரையிலும் ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கானோர் குனிந்து பொறுக்குகிறார்கள். சொப்பின் பை, யோகட் கோப்பை, தண்ணீர்ப் போத்தல், அறுந்த நைலோன் வலை, குழந்தைகளின் பம்பர்ஸ், உடைந்த ரெஜிபோம் பெட்டி ஆகிய அனைத்தும் ஒரே சாக்குக்குள் போகின்றன. வாகனம் அன்றைக்கே வந்து ஏற்றாவிட்டால் காகமும் நாயும் மாடும் சாக்கைக் கிழிக்கின்றன. அடுத்த காற்றுக்கும் அடுத்த மழைக்கும் அவை வடிகான் வழியாக மீண்டும் வாவியை அடைகின்றன. பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். தாங்கள் செய்த வேலைக்கு மதிப்பில்லை என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை எண்ணிவிட்டால், அதற்குப் பிறகு எந்த உரையாலும் அதை மீட்டுக்கொள்ள முடியாது.

ஆகவே மூன்று நிபந்தனைகள் நிறைவேறாத இடத்தில் சிரமதானத்துக்குச் சபை அனுமதியும் உதவியும் வழங்கலாகாது என்று கருதுகிறேன். அன்றைய மாலைக்குள் குப்பையை ஏற்ற வாகனம் எழுத்தில் உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும். பொறுக்கும்போதே போத்தல், கண்ணாடி, வலை, ஏனையவை என்று வெவ்வேறு சாக்குகளில் பிரிக்க வேண்டும். பொறுக்கியவற்றை எடைபோட்டும் எண்ணியும் பதிய வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனை மிகையானதாகச் சிலருக்குத் தோன்றலாம். 1986 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கி இன்று உலகெங்கும் நடைபெறும் சர்வதேசக் கரையோரத் தூய்மையாக்கலின் அடிப்படையே, பொறுக்கிய ஒவ்வொரு பொருளையும் வகைப்படுத்தி எண்ணிப் பதிவதுதான். எண்ணினால்தான் குப்பை எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். ஓர் இடத்தில் வலைத் துண்டுகளே அதிகம் என்றால் இறங்குதுறையில் சேகரிப்புத் தொட்டி தேவை. இன்னோர் இடத்தில் சாப்பாட்டுப் பொதிகளே அதிகம் என்றால் அயலிலுள்ள உணவகங்களோடு பேச வேண்டும். எண்ணாத சிரமதானம் அதே இடத்தை ஆண்டுக்காண்டு துப்புரவாக்கும். குப்பை வருகின்ற வழியை அடைக்காது.

கரையைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று பெக்கோ இயந்திரத்தைக் கொண்டு பற்றைகளையும் அடம்பன் கொடியையும் சேர்த்து வழித்தெடுப்பது உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். வாவிக்குள் அடித்து வரப்படும் ஆற்றுவாழையை அகற்றுவது வேறு வகை வேலை; அதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் அகற்றியதைக் கரை விளிம்பிலேயே குவித்து வைத்தால் அடுத்த நீரேற்றத்தில் அது திரும்பவும் மிதக்கும். மேட்டுக்குக் கொண்டுபோய்க் கூட்டெருவாக்குவதற்கான ஏற்பாட்டோடுதான் அந்த வேலை தொடங்கப்பட வேண்டும்.

இவ்விடத்தில் நமது நகரின் சுகாதாரத் தொழிலாளர்களை நினையாமல் மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை. நாம் ஒரு காலைப்பொழுது மூக்கைப் பொத்திக்கொண்டு செய்வதை அவர்கள் அன்றாடம் செய்கிறார்கள். நம் வீட்டுச் சமையலறைக் கழிவுக்குள் நாம் கலந்து போடும் உடைந்த கண்ணாடியும் ஊசியும் சவர அலகும் அவர்கள் கையில்தான் குத்துகின்றன. வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தல் என்பது சூழலுக்குச் செய்யும் உதவி என்பதற்கு முன்னர், இன்னொரு மனிதரின் கைக்கும் உடலுக்கும் நாம் செலுத்த வேண்டிய கடமை. எல்லாச் சுற்றாடல் நிகழ்வுகளிலும் அவர்களுக்கு முன்வரிசையில் இடமும், பேச வாய்ப்பும் தரப்பட வேண்டும். எந்த வீதியில் குப்பை எப்படி வருகிறது என்பதை அவர்களைப் போல் அறிந்தவர்கள் எவருமில்லை. தரமான கையுறையும் காலணியும் வழங்குவதைப் பற்றிச் சபைக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இலங்கையின் நகரக் கழிவில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு உக்கக்கூடியது. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, சபை சேகரிக்கும் வீதிக் குப்பையும் வீட்டுக் குப்பையும் சபையின் சொத்தாகும். அவ்வாறாயின் நம் சபையின் கையில் ஒவ்வொரு நாளும் சேர்வது பெருந்தொகைப் பசளைக்கான மூலப்பொருள். நம் மணல் நிலத்துக்கு வேண்டியதும் அதுவே. ஈரத்தைப் பிடித்து வைக்கும் எரு கலந்தாலன்றி அதில் கத்தரியும் மிளகாயும் நிலைப்பதில்லை. இருந்தும் பல வளவுகளில் காலையில் கூட்டிய மாவிலையும் பலாவிலையும் பொலித்தீனோடு சேர்த்துக் கொளுத்தப்படுகின்றன. அந்தப் புகையைச் சுவாசிப்பது முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளும் முதியவர்களும்தான். பிளாஸ்டிக் எரியும்போது உண்டாகும் நச்சுக்களுள் டயொக்சின் போன்றவை உடலில் நெடுங்காலம் தங்கக்கூடியவை. வீட்டுக்கு வீடு கூட்டெருக் கூடை வழங்குவதோடு நில்லாமல், கழிவைப் பிரித்துக் கொடுத்த குடும்பங்களுக்கே அதைச் சேதனப் பசளையாகத் திருப்பி வழங்கும் ஒரு முறை ஏற்பட்டால், மக்கள் பிரிப்பதற்கான காரணத்தைத் தம் வீட்டுத் தோட்டத்திலேயே காண்பார்கள்.

குப்பை கண்ணுக்கு மறைந்தால் போதும் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் கொட்டப்பட்ட குப்பையோடு பொலித்தீனைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வெளியாகியது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருப்பெருந்துறையில் குப்பை கொட்டப்பட்ட காலத்தில் அயல்வாழ் மக்கள் நாற்றத்துக்கும் புகைக்கும் எதிராகக் குரல் எழுப்பியதை இந்நகரம் மறந்திராது. கொடுவாமடுவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு அமைக்கப்பட்ட நிலநிரப்புத் தளம் ஒரு பெரிய வாய்ப்பு. ஆனால் அங்கேயும் மனிதர்கள் வாழ்கிறார்கள். நகரத்தார் பிரிக்காமல் அனுப்பும் ஒவ்வொரு சுமையும் அத்தளத்தின் ஆயுளைக் குறைத்து, கிராமத்தவர் தலையில் நம் பாரத்தை ஏற்றுகிறது.

நம் நகரின் மிகப்பெரிய மக்கள் திரட்சிகள் சுற்றாடல் தினங்களில் நடைபெறுவதில்லை, திருவிழாக்களில் நடைபெறுகின்றன. ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தத்துக்கு வரும் மக்கள் தொகைக்கு நிகரான கூட்டத்தை எந்தத் தூய்மை இயக்கமும் இதுவரை கூட்டியதில்லை. வைகாசிச் சடங்குக் காலத்தில் கண்ணகி அம்மன் ஆலயங்களிலும், தேவாலயத் திருவிழாக்களிலும், கந்தூரிகளிலும் நாம் பந்தியில் அமர்ந்து உண்கிறோம். பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழாய், பிளாஸ்டிக் பூமாலை ஆகியவை 2023 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனுக்கும் லஞ்ச் சீட்டுக்கும் 2017 செப்டெம்பரிலிருந்தே தடை உண்டு. சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு தண்டம் எழுதுவதால் மட்டும் ஒரு திருவிழா மாறிவிடாது. மாற்றுப் பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர்ப் பந்தல்களுக்கும் அன்னதான மடங்களுக்கும் வாடகையின்றி இரவல் கொடுக்கக்கூடிய எவர்சில்வர்க் குவளைகளும் தட்டுகளும் கொண்ட ஒரு களஞ்சியத்தைச் சபை நிறுவலாம்; கழுவுவதற்கான நீர்க்குழாய் வசதியைத் திருவிழாத் திடலில் ஏற்படுத்திக் கொடுக்கலாம்; வாழையிலை வழங்குவோரை முன்கூட்டியே ஒழுங்குசெய்யலாம். குருத்தோலைத் தோரணமும் வேப்பிலையும் கட்டி அலங்கரித்த பந்தல்கள் நம் மரபில் உள்ளவையே. அவற்றைக் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் ஊரில் இருக்கின்றன. ஆலய நிருவாக சபையினரோடு ஆனி மாதத்திலேயே அமர்ந்து பேசினால், வருகின்ற ஆடி அமாவாசையை இந்த மாவட்டத்தின் ஆகப்பெரிய சுற்றாடல் நிகழ்வாக மாற்ற முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நிகழ்வுகளின் செலவு குறித்தும் ஒரு சொல். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று எழுதிய பிளாஸ்டிக் பதாகையின் கீழ் நின்று, பங்குபற்றுவோருக்கு ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும் பொதியில் கட்டிய சிற்றுண்டியும் வழங்கும் வழக்கம் தொடரக் கூடாது. மருதமுனை, காத்தான்குடி நெசவாளரின் துணியில் எழுதிய பதாகையை ஆண்டுதோறும் திரும்பப் பயன்படுத்தலாம். குடத்தில் தண்ணீரும், இலையில் அவித்த கடலையும் போதும். மிச்சப்படும் பணத்தில் கன்றுகளுக்குக் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்ற வட்டாரத்துக்கு ஒருவருக்கு வேதனம் கொடுக்கலாம்.

கொழும்பு மாநகரம் 2018 இல், ஈரநிலங்களைப் பேணுவதற்கான சர்வதேச ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. வாவியின் நடுவிலே தீவாக அமைந்த புளியந்தீவைத் தன் மையமாகக் கொண்ட நமது நகரம் அத்தகைய தகுதிக்கு விண்ணப்பிக்கும் ஒரு நாள் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அது இம்மடலின் உடனடிக் கோரிக்கை அன்று.

உடனடிக் கோரிக்கை இதுவே: அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் சபையில் சமர்ப்பிக்கப்படுவதற்கு முன்னர், நகரின் சுற்றாடல் நிகழ்வுகள் அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் திறந்த கூட்டமொன்றைச் சபை கூட்ட வேண்டும். அதில் மீனவர் சங்கங்கள், சுகாதாரத் தொழிலாளர்கள், பாடசாலைகள், மதத் தலங்களின் நிருவாகிகள், வர்த்தகர்கள் ஆகியோர் அழைக்கப்பட வேண்டும். மரநடுகையை மாரிக்கு மாற்றுதல், கன்றுகளுக்கான பராமரிப்புச் செலவை ஒதுக்குதல், சிரமதானத்துக்கான நிபந்தனைகளை வகுத்தல், ஆடி அமாவாசைக்கான ஏற்பாட்டைத் தொடங்குதல் ஆகிய நான்கு விடயங்களிலும் சபை தீர்மானம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான உத்தியோகத்தரின் பதவியைக் குறிப்பிட்டு வெளியிட வேண்டும். கூட்டத்தின் திகதியை முன்கூட்டியே அறிவித்தால், எமது வட்டாரத்திலிருந்து விதை சேகரிப்பதற்கும் கன்றுகளைக் கணக்கெடுப்பதற்கும் முன்வருவோரின் பெயர்ப்பட்டியலோடு நாங்கள் வந்து சேர்வோம்.

இப்படிக்கு,
கல்லடி வாழ் பொதுமக்களுள் ஒருவர்